இல்லாத இருமல்

“தன்னப் பத்தித் தானே எழுதிப் பேப்பர்ல போட்டுக்கிச்சாம் அந்தப் பொண்ணு. கொஞ்சமாவது கூச்சம் வேணாம்?” என்று என் பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். “எந்தப் பொண்ணு?” “அதான், போன வாரம் செண்பகமா வந்துச்சே, ரோசலின்.” “ஓ, பேச வேண்டிய எடத்துல பேயறைஞ்ச மாதிரி நின்னுச்சே, அதா?” என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவர் தின்றுகொண்டிருந்த வேர்க்கடலையின் வாசனை என் கழுத்துவரை வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், எழுதியது ரோசி இல்லை, மூன்றாம் வரிசையின் ஓரத்தில் துப்பட்டா நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவள்தான் என்று. மா.இ. என்ற இரண்டே எழுத்து. மாரியப்பன் மகள் இசக்கியம்மாள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த நாடக விமர்சனம், ஆறாம் பக்கம், கீழே, சமையல் குறிப்புக்கு மேலே. அந்த இரண்டு எழுத்தை யாரென்று இந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் இப்படித் திரும்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம், திட்டு வாங்கிவிட்டு, அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு எப்போதோ தூங்கியிருப்பேன். மின்விசிறிகளை அணைத்தார்கள். இந்தக் கூடத்தில் நாடகம் தொடங்கினால் மின்விசிறி கிடையாது, அதன் சத்தத்தில் வசனம் கேட்காதாம். பிறகு விளக்குகளும் போயின. இருட்டு வந்தவுடன் எனக்கு என்ன ஒரு நிம்மதி. சின்னப் பிள்ளையில் தப்புச் செய்துவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேனே, அந்த நிம்மதி. அதுவும் அப்படித்தான், ஒளிந்துகொண்டிருக்கும்வரைதான்.

மேடையில் ஒரு நீலக் குடம் தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாகக் குடங்கள். ‘எட்டாம் நம்பர் பிளாக்.’ இடிக்கப்போகும் ஒரு குடியிருப்பு, காலி செய்ய மாட்டேன் என்று சொல்லும் இட்லிக்காரி செண்பகம், அளக்க வரும் பொறியாளர். எல்லாம் எனக்குத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தெரியும். பார்த்ததில்லை, அவ்வளவுதான். பொறியாளராக வரும் துரைக்கண்ணு டேப்பை இழுத்துக்கொண்டே நடந்து வந்தார், நின்றார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், இருமினார். இல்லை, தற்செயலாக இருக்கும், தூசி இருக்கும். மறுபடி இருமினார். இந்த முறை நெஞ்சில் கைவைத்து, நிதானமாக, மூன்று தடவை, மூன்றாவதை இழுத்து. அந்த இருமல் நாடகத்திலேயே இல்லை. நாடகத்துக்குள் அதைக் கொண்டுவந்து வைத்தவள் நான். ‘பொறியாளராக வரும் துரைக்கண்ணுவின் ஓயாத இருமல், நோயுற்ற ஓர் அமைப்பின் இருமலாகவே நமக்குக் கேட்கிறது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை இரண்டு முறை படித்து ரசித்தேன் வேறு. அவருக்கு ஒத்திகைச் சமயத்தில் சளி பிடித்திருந்தது. ரோசி தினமும் ஒத்திகை முடிந்து அறைக்கு வந்து, குளிக்காமல்கூட, முழு நாடகத்தையும் எனக்கு நடித்துக் காட்டுவாள், எல்லார் பாத்திரத்தையும் அவளே. துரைக்கண்ணுவைச் செய்யும்போது சளியையும் சேர்த்துச் செய்வாள். “மிஸஸ் செண்பகம், இது, ஹ்க்கும், அரசாங்க ஆணை, ஹ்க்கும், ஹ்க்கும்ம்ம்.” நான் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, மடித்த துணியை மறுபடி மடித்தபடி சிரிப்பேன். அது நடிப்பின் பகுதி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? சளி என்று அவள் சொல்லவில்லையே. சொல்லியிருப்பாளோ. நான்தான் கேட்டிருக்க மாட்டேன். இப்போது சளியெல்லாம் போய் நல்லபடியாக இருக்கும் துரைக்கண்ணு, பேப்பரைப் படித்துவிட்டு, இருமலைத் தேடிப் பிடித்துப் பழகி, மேடையில் வைத்து இருமிக்கொண்டிருக்கிறார். பின்வரிசைப் பெண், “பாத்தியா, அந்த இருமல்” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் மதிப்பு இருந்தது. நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன், உண்மையாகவே இல்லை, சும்மா, எல்லாரும் நினைப்பதைப்போல.

எங்கள் அறையை யார் பார்த்தாலும் இது இரண்டு அறை என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் பக்கம் என்னுடையது. தலையணை உறை நாலு மூலையும் சரியாக, செருப்பு சுவரோரமாக, டப்பாக்களில் துவரை, உளுந்து என்று எழுதி ஒட்டியது. கதவுப் பக்கம் ரோசியுடையது, அதை எப்படிச் சொல்வது, புயல் அடித்து ஓய்ந்த மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது, ஓயவே இல்லை. பல் தேய்த்துக்கொண்டே அறை முழுவதும் நடப்பாள். ஈரத்துண்டு என் கட்டிலில் கிடக்கும். நான் அதை வாயால் சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு வராது. ஒரு தாளில், ‘ஈரத்துண்டைக் கட்டிலில் போட வேண்டாம். குளியலறையில் தேங்கிய முடியை எடுத்துவிடவும். பாலைத் திறந்து வைக்க வேண்டாம்’ என்று எழுதி பீரோவில் ஒட்டினேன். அன்று மாலை அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டு, “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், திருநெல்வேலிச் சீமை இசக்கியம்மாள் மகாராணி அவர்களின் உத்தரவுப்படி, டும் டும், ஈரத்துண்டு நாடு கடத்தப்படுகிறது” என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தாள். பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்தார்கள். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தேன். “உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் துணி மடிப்பீங்களா, இல்ல நீ மட்டும் பட்டாளத்துல இருந்தியா?” என்பாள். “நீ திருச்சியில வளந்தியா, இல்ல சர்க்கஸ்லயாட்டி?” என்று கேட்பேன், அவளிடம் மட்டும் எனக்கு அப்படிப் பேச வரும். மற்ற இடத்தில் என் குரல் தொண்டையோடு நின்றுவிடும். அலுவலகத்தில் தண்ணீர்க் குடுவை காலியானால் சொல்லக்கூட மாட்டேன், வீட்டிலிருந்து புட்டியில் கொண்டுபோவேன். அவளோ பகலெல்லாம் காப்பீட்டு நிறுவனத்துக்காக முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, அவர்கள் திட்டினால் திட்டின மாதிரியே எனக்கு நடித்துக் காட்டுகிறவள். அவளுக்கு ஆயிரம் பேர் முன்னால் நின்றாலும் நாக்கு ஒட்டாது என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையிலேயே எழுதினேன். ‘செண்பகமாக வரும் ரோசலின், கையில் கரண்டியோடு ஏழு நிமிடம் இடைவிடாது பேசும் இடத்தில் அரங்கமே மூச்சுவிட மறந்தது.’ கரண்டி, அறையில் நடித்துக் காட்டும்போது அவள் கையில் பிடிக்கும் எங்கள் சாம்பார்க் கரண்டி. மேடையில் கரண்டியே இல்லையாம். ஏழு நிமிடமும் இல்லை.

மேடையில் நாலு பேர் தண்ணீர் லாரிக்காகச் சண்டை போட்டார்கள். கூடத்தில் சிரிப்பு எழுந்தது, நானும் அரை நொடி தாமதமாகச் சிரித்தேன், அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தும். போன வாரம் மட்டும் உள்ளே வந்திருந்தால். அன்றைக்கு ஆறரைக்கு நாடகம். நான் இருப்பது விளையாட்டுப் பக்கத்தில், ஆங்கிலத்தில் வரும் கிரிக்கெட் செய்தியைத் தமிழில் எழுதுவது என் வேலை. வழக்கமாக நாடக விமர்சனம் எழுதுகிறவர் கால் முறிந்து படுத்துவிட்டார் என்று இணைப்புப் பொறுப்பாளர் சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு, “நீ சத்தமில்லாத பொண்ணு, நல்லாப் பாப்ப, போய்ட்டு வா” என்றார். அந்த நாடகத்தில் என் அறைத்தோழி இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவாரோ என்று பயம், பேர் வரும் ஆசை, எல்லாம்தான். அன்று ஒரு பந்தயம் மழையில் நீண்டு, பக்கம் முடிக்க நேரமாகி, நான் கூடத்து வாசலுக்கு வந்தபோது ஆறு ஐம்பது. கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், “ஆரம்பிச்சாச்சு மேடம், இனிமே தொறக்க மாட்டோம்” என்றாள். பத்திரிகை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திறந்திருப்பாள். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. “பரவாயில்ல” என்றேன். பரவாயில்ல! எதற்கெடுத்தாலும் எனக்கு வாயில் வரும் ஒரே சொல் அது. எதிர்த்த டீக்கடையில் போய் நின்றேன். உள்ளேயிருந்து ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன், பஸ் சத்தம்தான் கேட்டது. இரண்டு டீ குடித்தேன். ஒரு கட்டத்தில் மணி பார்த்து, இப்போது செண்பகம் பேசிக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு, மனதுக்குள் அவளோடு சேர்ந்து அந்த வசனத்தைச் சொன்னேன். ‘இந்தப் படிக்கட்டுல மொத்தம் அறுபத்தி நாலு படி சார். முப்பத்தி ஒண்ணாவது படியில என் மக பொறந்தா. ஆட்டோ வரங்காட்டியும் பொறந்துட்டா. அந்தப் படியையும் அளந்து எழுதிக்கோங்க.’ எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் நின்று அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, நாடகம் பார்த்த மாதிரியேதான் இருந்தது. அந்த அழுகை உண்மை. அதனால் எழுதுவதும் உண்மைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு பழக்கம். நான் எழுதிய நானூறு பந்தயங்களில் ஒன்றைக்கூட மைதானத்தில் பார்த்ததில்லை. ‘மைதானமே அதிர்ந்தது’ என்று எழுதும்போது நான் குளிர்சாதன இயந்திரத்துக்குக் கீழே சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கேட்டதில்லை, நீ அதிர்ந்ததைப் பார்த்தாயா என்று. நாடகத்துக்கும் அதே விரல்கள்தானே. கடைசி வரியில், ‘பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்’ என்றுகூடப் போட்டேன். எந்த வெட்கமும் இல்லாமல் போட்டேன்.

அன்று ரோசி வந்தபோது நான் எழுதி அனுப்பி முடித்திருந்தேன். “எப்படிடி இருந்துச்சு?” என்று கேட்கவேண்டியவள் அவள், ஆனால் இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் முகம் கழுவாமல் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். நான் உள்ளே இல்லை என்பதைச் சொல்ல வேண்டாமே என்பதால் அவள் பேசாதது எனக்கு வசதியாக இருந்தது. நான் இருட்டில் எங்கேயோ உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்கு நினைப்பு, அவள் நின்றுபோனதை நான் பார்த்துவிட்டேன், இரக்கப்பட்டுக் கேட்காமல் இருக்கிறேன் என்று. இப்போதுதான் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க முடிகிறது. ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்துக் கட்டில்களில், ஆளுக்கொரு வெட்கத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பரை வாங்கி வந்து ஆறாம் பக்கத்தைத் திறந்து அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். காபி போட்டபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். படித்தாள். மறுபடி மேலேயிருந்து படித்தாள். பேப்பரை மடித்தாள், ரோசி மடித்தாள், ஓரம் ஓரமாகச் சேர்த்து, நான் மடிப்பதைப்போல. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். ஐயோ. நான் அப்படித்தான் நினைத்தேன், நினைத்து, இரண்டு சர்க்கரை கூடப் போட்டுக் காபியை ஆற்றி வைத்தேன். வெளியே வந்து குடித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்க இசக்கி” என்றாள். அவ்வளவுதான். ஒரு கிண்டல் இல்லை, தட்டு இல்லை, டும் டும் இல்லை.

இப்போது மேடையில் காட்சி மாறும் இருட்டு. அரை இருட்டில் கறுப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக ஒருத்தி வந்து, குடங்களை இரண்டிரண்டாகத் தூக்கி இடம் மாற்றினாள். குனிந்த முதுகைப் பார்த்ததும் தெரிந்தது. அவளைச் செண்பகத்திலிருந்து எடுத்துவிட்டுக் குடம் தூக்க வைத்திருக்கிறார்கள். ஒரு குடத்தை வைத்துவிட்டு, சரியாக இல்லை என்று திரும்பி வந்து, ஒரு விரற்கடை நகர்த்தினாள். வீட்டில் ஒரு தம்ளரை வைத்த இடத்தில் எடுக்காதவள். எனக்கு அந்த விரற்கடையைப் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் புதன்கிழமை வந்தது. புதன்கிழமை காலை, நான் சமையல் மேடையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் தலை துவட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டாள். இயக்குநர் பரஞ்சோதியின் குரல் அறைக்குள் வந்தது. “ரோசலின், நீ அன்னைக்கி மேடையில ஒரு வார்த்த பேசல. மத்தவங்க இட்டுக்கட்டித் தாண்டுனாங்க. ஆனா பேப்பர்ல நீ ஏழு நிமிஷம் பேசினதா, அதுவும் அந்தப் படிக்கட்டு வசனம் வரிக்கு வரி வந்திருக்கு. அந்த வசனம் ஒத்திகையில இருந்தவங்களுக்குத் தவிர வேற யாருக்கும் தெரியாது. யாரு எழுதுனது?” ரோசி துவட்டுவதை நிறுத்தினாள். “தெரியாது சார்.” “தெரியாதா? யாரோ எழுதினா ஒன்ன மட்டும் ஏன் தூக்கி வைக்கணும்?” “தெரியாது சார்.” “மறந்து நின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. மேடையில யாருக்கும் வரும். மறந்துட்டு, பேசினதா எழுத வெக்கிறது இருக்கே, அது வேற. சனிக்கிழமை வித்யா செண்பகம் பண்ணட்டும். ஷோ முடிஞ்சதும் திருச்சூர் நாடக விழாவுக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு குழுவா பேசி முடிவு பண்ணிக்கலாம்.” நான் என்ன செய்தேன்? ஒரு பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் வைத்து, குழாயை முழுக்கத் திறந்தேன். தண்ணீர் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று இருக்கட்டும் என்று. பாத்திரம் நிரம்பி வழிந்தது. நிறுத்தவில்லை. அவள் வந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் குழாயை மூடினாள். “தண்ணி வீணாப் போகுது” என்றாள். அவளுக்குத் தெரியும். நான் கேட்டேன் என்று தெரியும், கேட்காததுபோல நின்றேன் என்று தெரியும். நான் அன்றைக்கு உள்ளே இல்லை என்பது, பேப்பரைப் படித்த ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டு, “தெரியாது சார்” என்று இரண்டு தடவை சொன்னாள். என் வேலை இன்னும் உறுதியாகவில்லை, இன்னும் இரண்டு மாதம் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், வேலை போனால் எங்கள் வீட்டில், “அந்தத் தென்காசி மாப்ள எடம் இன்னும் காத்துட்டுதான் இருக்காவ” என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பதும் தெரியும், அம்மாவைப் போலவே அதை நடித்தும் காட்டியிருக்கிறாள்.

சொல்லலாம் என்று புதனிலிருந்து எத்தனை தடவை ஆரம்பித்தேன். குளிக்கும்போது, பஸ்ஸில், அலுவலக மாடிப்படியில். சார், ஒரு விஷயம். சார், போன வாரம் நான் எழுதினது. சந்தானம் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ‘கிரிக்கெட்டுக்கு டிவி இருக்கும்மா. நாடகத்துக்கு நீதான் போயாகணும்’ என்பார். அந்த இடத்தோடு என் ஒத்திகை நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து, சார், ஒரு விஷயம். பரஞ்சோதிக்கு ஒரு கடிதம் எழுதினேன், பேர் போடாமல். பேர் போடாத கடிதத்தையும் ரோசி எழுதினதாகத்தான் நினைப்பார் என்று கிழித்தேன். ரோசியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அவள் உடனே மன்னித்துவிடுவாள், அதோடு முடிந்துவிடும், எனக்கு முடிந்துவிடும், அவளுக்கு முடியாது. அதுவும் ஒரு சாக்குதான். எனக்கு எல்லாச் சாக்கும் அழகாக அமைகிறது, வாக்கியம் அமைவதைப்போல. இன்று மதியம் அவள் கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “இன்னைக்காவது உள்ள வா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். கடைக்குப் போனால் கொத்தமல்லி வாங்கிட்டு வா என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதனால் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வித்யா நடுமேடைக்கு வந்தாள். இதுதான் அந்த இடம். “இந்தப் படிக்கட்டுல மொத்தம் அறுபத்தி நாலு படி சார்” என்றாள், நன்றாகவே சொன்னாள், குரல் சுத்தமாக இருந்தது. நான் உதட்டை அசைத்துக் கூடவே வந்தேன், முப்பத்தி ஒன்றாவது படி, ஆட்டோ, மகள். ஆனால் இவள் அழுதுகொண்டே சொல்கிறாள். ரோசி அழ மாட்டாள், சிரித்துக்கொண்டே சொல்வாள், பொறியாளருக்கு இட்லி எடுத்துவைக்கிற மாதிரி, அதனால்தான் எனக்கு அழுகை வரும். இதை எழுதியிருக்கலாமே நான், இது ஒன்றுதான் எனக்கு உண்மையில் தெரிந்தது. எழுதவில்லை, ‘அரங்கமே மூச்சுவிட மறந்தது’ என்று எழுதினேன். போன வாரம் இதே இடத்தில் அவள் நின்றபோது, வாயைத் திறந்து ஒன்றும் வராமல் நின்றபோது, இந்த நூறு நாற்காலியும் உண்மையாகவே மூச்சுவிடாமல்தான் இருந்திருக்கும். எவ்வளவு நேரம் நின்றாளோ. வியர்வை எப்படி இறங்கியிருக்கும். கூட்டத்தில் என் முகத்தைத் தேடியிருப்பாளோ? அறையில் வசனம் தடுக்கினால் என்னைத்தான் பார்ப்பாள், நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன், “ஆட்டோ” என்பேன், அவள் பிடித்துக்கொண்டு ஓடுவாள். இரண்டு மாதம் அப்படித்தான் பழகியிருந்தோம். இது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. புதனிலிருந்து இவ்வளவு சுற்றிச் சுற்றி நினைத்தும் இந்த இடத்துக்கு நான் வரவில்லை. நான் எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லாமல் போனதை நினைக்கவில்லை. நான் கட்டாயம் கூட்டத்தில் எங்கேயாவது இருப்பேன் என்று அவள் நம்பியிருப்பாள். அவள் மேடையில் தேடிய நேரம் நான் எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு, அவளுக்குப் பதிலாக வசனத்தை எனக்கு நானே சொல்லி அழுதுகொண்டிருந்தேன். மேடையில் துரைக்கண்ணு இருமினார். கூடம் அமைதியாக அந்த இருமலைக் கேட்டது.

முடிந்தது. கைதட்டினார்கள், யாரும் எழுந்து நிற்கவில்லை. விளக்குகளைப் போட்டார்கள், மின்விசிறிகள் சுற்றின. நடித்தவர்கள் மேடையில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள், நாடகம் முடிந்தால் பார்த்தவர்களோடு பேசுவது இந்தக் குழுவின் வழக்கம். பரஞ்சோதி நடுவில், தாடியைத் தடவிக்கொண்டு. மேடையோரத்தில் ரோசி குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள், வரிசையில் உட்காரவில்லை. மைக் கைமாறிக் கைமாறி வந்தது. ஜிப்பா போட்ட ஒருவர் நகரமயமாதல் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கல்லூரிப் பெண் ஒருத்தி, “எனக்குப் பொறியாளரோட இருமல் ரொம்பப் பிடிச்சுது” என்றாள், துரைக்கண்ணு கைகூப்பினார். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் மைக்கை வாங்கி, “பேப்பர்ல வந்தத நம்பி வந்தோம், அதுல எழுதினதுல பாதிய நீங்க காட்டல, கரண்டியே வரலியே” என்று கேட்க, கூடம் சிரித்தது. பரஞ்சோதி சிரிக்கவில்லை. “அந்த விமர்சனம் வெளியிலேர்ந்து வந்ததில்ல. எங்க குழுவுக்குள்ள ஒருத்தர் பண்ணின காரியம். அதுக்காக வருத்தப்படறோம். அவங்க இனிமே எங்களோட மேடையேற மாட்டாங்க. குழுவா பேசணும்னு நெனச்சேன், பேச ஒண்ணும் இல்ல” என்றார். நூறு தலையும் மேடையோரம் திரும்பின. ரோசி குடத்தைச் செருகியவள் செருகியபடி நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நின்றாள். போன வாரம் நான் பார்க்காதது இதுதான், இப்படித்தான் நின்றிருப்பாள். மைக்கைக் கொண்டுவந்து கொடுக்கும் குழுப் பெண், “வேற யாராவது?” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். மைக் என் கைக்கு வந்தது, முதலில் அது கூவியது, பிறகு என் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. “மா.இ. நாந்தான்” என்றேன். யாருக்கும் புரியவில்லை. “பேப்பர்ல எழுதுனது நான். என் பேரு இசக்கியம்மாள். நான் நாடகம் பாக்கல. லேட்டா வந்தேன், கதவ சாத்திட்டாவ, எதுத்த டீக்கடையில நின்னேன். பாக்காமலே எழுதுனேன். ரோசலினுக்கு ஒண்ணுமே தெரியாது, நானும் அவளும் ஒரே ரூம், அவ நடிச்சுக் காட்டுனத வச்சு எழுதிட்டேன்.” “அப்ப அந்த இருமல்?” என்று துரைக்கண்ணு தரையிலிருந்தே கேட்டார். “ஒங்களுக்குச் சளி பிடிச்சிருந்துச்சுல்லா சார், அது.” யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பரஞ்சோதி எழுந்துவிட்டார். “எந்த தைரியத்துலம்மா எழுதினீங்க? ஒங்க ஆபீஸ்ல இது தெரியுமா? யாருகிட்டக் கேக்கணும் நாங்க?” என்றார். நான் பத்திரிகையின் பேரைச் சொன்னேன். சந்தானம் சாரின் பேரைச் சொன்னேன். பிறகு அவருடைய அலுவலகத் தொலைபேசி எண்ணை, எழுதிக்கொள்கிறவர்களுக்காக நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இலக்கமாக மைக்கில் சொன்னேன்.